திலகவதியாரை யார் பார்த்துக்கொள்வது?



அப்பர் பெருமான் என்றதும் உழவாரப்படை நினைவுக்கு வரும். இன்று அவருடைய அக்காவை நினைப்போம்.

பெற்றோரை இழந்த திலகவதியாருக்கு, நிச்சயித்த கலிப்பகையாரும் போரில் மாண்ட செய்தி வருகிறது. உயிரை விடத் துணிந்தவர், தம்பி தனியாகிவிடுவானே என்று உயிரைத் தாங்கிக்கொண்டார். பின்னாளில் சூலை நோய் வாட்டியபோது தம்பி ஓடி வந்ததும் திருவதிகையில் இருந்த இந்த அக்காவிடம்தான். அவர் திருநீறு கொடுத்தார். விடியும் முன்பே கோயிலைக் கூட்டி மெழுகக் கிளம்பும்போது, தம்பியைக் கையோடு சந்நிதிக்கு அழைத்துப் போனார்.

சரி, அந்த அக்காவுக்கு வலி வந்திருந்தால் யாரிடம் சொல்லியிருப்பார்?

நம் வீடுகளிலும் திலகவதியார்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறார்கள், கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறார்கள். மார்பில் கட்டி தெரிந்தாலும் "தீபாவளி முடியட்டும் பார்க்கலாம்" என்பார்கள். லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. கிளினிக் போக வண்டி இல்லை. ஆண் டாக்டரா இருந்தா என்ன பண்றது என்ற கூச்சம். எல்லாவற்றுக்கும் மேலே, முடிவு என்னவா இருக்குமோ என்ற பயம். மலேசியாவில் மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் தெரியவருகிறது.

நான் படிக்கும் பொறியியலில், பம்ப் உடையும் வரை காத்திருக்கச் சொல்லித் தருவதில்லை. நன்றாக ஓடும்போதே சோதிக்கணும். உடம்பை இறைவன் குடியிருக்கும் கோயிலாகக் கண்டார் திருமூலர். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்கிறோம், அம்மாவின் உடம்புக்கு?

வழி இல்லாமல் இல்லை. எஸ்.டி.ஆர் உதவித்தொகை பெறுபவரும் அவருடைய துணையும் 40 வயதை எட்டியிருந்தால், 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. தனியாகப் பதியத் தேவையில்லை. புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு அரசு மருத்துவமனையில் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகையும், போக்குவரத்துச் செலவுக்கு உதவியும் அதே திட்டத்தில் இருக்கின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி சோதனையில் மாதிரியைப் பெண்களே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம். கூச்சப்பட வேண்டியதில்லை. 2010 முதல் 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியில் எச்.பி.வி தடுப்பூசி போடுகிறார்கள். நம் தங்கைகளுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு அம்மாக்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பரிசோதனைதான் கவசம்.

"சாமி பார்த்துக்குவார்" என்று சிலர் சொல்வார்கள். திலகவதியார் ஐந்தெழுத்தை ஓதினார், அதோடு தம்பியைக் கூட்டிக்கொண்டு நடக்கவும் செய்தார். இரண்டும் சேர்ந்ததுதான் பக்தி.

ஆகவே இளையோரே, "போயிட்டு வாங்கம்மா" என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. கிளினிக்குக்கு நீங்களே போன் பண்ணி தேதி வாங்குங்கள். அன்றைக்கு வண்டி ஓட்டுங்கள், வரிசையில் கூட உட்காருங்கள். நம் கிளைகள், கோயிலுக்கு வரும் தனித்தாய்மார்களுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்யட்டும். அன்றைக்கு இழக்கும் சம்பளத்தை உண்டியலிலிருந்து கொடுக்க முடியுமா என்று நிர்வாகத்திடம் கேட்போம். முடிவு எப்படி வந்தாலும் அதைக் கேட்க அந்த அம்மா தனியாகப் போகக் கூடாது.

திருச்சிற்றம்பலம்.