தன் கைத்தையலும் பிழையும்

பிழை கண்டவிடத்துக் கண்டிப்பதோ, பிழை செய்ய இடங்கொடுத்துத் திருந்தச் செய்வதோ, உபாத்தியாயர்க்கு உரிய கடன் எது என்னும் வினா பழையது. வித்தியாசாலையிலே பெரும்பாலும் பிழை செய்வோன் ஒருவன். அதனைக் காண்போன் மற்றொருவன். கணக்கிலே நேர்ந்த தவறு சிவப்பு மையால் வெளிப்படுமேயன்றி, மாணாக்கனுடைய உடம்பை உறுத்துவதில்லை. தன் உடுப்பைத் தானே தைப்போனுக்கோ, செய்தவனும் தானே. பயனை அநுபவிப்பவனும் தானே. கையை உயர்த்தும்போது அக்குள் பிடிக்குமாயின், அதனை வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

மடுல்கெல்லத் தோட்டங்களைச் சூழ்ந்த பாடசாலைகளிலே கற்பிப்போர்க்கு இவ்விஷயம் புறம்பானதன்று. 1993ஆம் ஆண்டு தொடங்கி அரசினர் மாணாக்கர்க்குச் சீருடை உதவி வருகின்றனர். பெரும்பாலும் உதவுவது தைத்த உடையன்று, துணியே. தையற்கூலி பெற்றோர் தலையில் விழுகின்றது. கொழுந்து பறித்து நாட்சம்பளம் பெறும் வீட்டிலே அதுவும் ஒரு பாரம். ஆதலின் வீட்டிலுள்ளோரே ஊசியெடுத்தல் இயல்பு. ஊசி பெண்மக்களுக்கே உரியது என்பார்க்கு யாம் உடன்படோம். கோவணமும் கீளும் நெய்து அடியார்க்களித்த நேச நாயனார் ஆடவரே.

தையலிலே நேரும் பிழை இருவகைத்து: ஊசியால் நேர்வதும், கத்தரிக்கோலால் நேர்வதும். கைகளை இடம் வலம் மாற்றிப் பொருத்திவிட்டால், நூலைப் பிரித்து மீளப் பொருத்தலாம். மெல்லிய பருத்தித் துணியிலே ஊசித்துளையும் இரண்டொரு சலவையில் மறைந்துபோம். கழுத்தை அகல வெட்டிவிட்டாலோ வெட்டியது வெட்டியதே. துணியை இரண்டாக மடித்து வெட்டுங்கால் கத்தரி அரை அங்குலம் அகன்று ஓடினால், விரிக்கும்போது அஃது ஓரங்குலமாய் நிற்கும். முன்கழுத்துக்கும் பின்கழுத்துக்கும் ஒரே ஆழம் வைத்தல், தையலுக்கு ஓரம் விட மறத்தல், நனைத்து உலர்த்தாத துணியை வெட்டிப் பின் சுருங்கக் காணுதல், இரண்டு கைகளையும் இடக்கையாகவே வெட்டிவிடுதல் ஆகிய இவையெல்லாம் கற்போர் நடக்கும் வழியே. (இறுதியிற் கூறியதைக் கண்டு நகையாதார் அரியர்.) பழகிய கையினர் கழுத்தை முதலிற் சிறிதாக வெட்டி, உடுத்திப் பார்த்துப் பின்னரே விரிப்பர்.

ஆகவே, பிழையாலே கற்கலாம் என்று வாளா சொல்லிவிடுதல் போதாது. ஊசி பிடித்த கையை ஆசிரியர் தடுக்க வேண்டா. கோணலாக ஓடினும் ஓடுக. கத்தரி பிடித்த கையையோ ஒரு கணம் நிறுத்தி, "இன்னொருமுறை அளந்து பார், பிள்ளை" எனல் வேண்டும். ஏழைக்குப் பிழை செய்தலும் ஒரு செலவு. வீணான துணிக்கு மறுதுணி வருவது அடுத்த ஆண்டிலேயாம். பழைய பத்திரிகைத் தாளிலே முதலில் வெட்டிப் பழகுவித்தல் காசில்லாத உபாயம்.

இனி, நகைப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். காந்தியடிகள் தென்னாபிரிக்காவிலே வழக்கறிஞராயிருந்தபோது, சலவைச் செலவைக் குறைக்கக் கருதித் தம் கழுத்துப்பட்டையைத் தாமே வெளுத்துக் கஞ்சியிட்டனர். கஞ்சி மிகுந்தது, இஸ்திரிப்பெட்டியின் சூடு போதவில்லை. நீதிமன்றத்திலே அப்பட்டை கஞ்சியை உதிர்க்க, உடனிருந்த வழக்கறிஞர் நகைத்தனர். அவர் நாணவில்லை, நாளடைவில் அத்தொழிலிலே தேறினர். 1927ஆம் ஆண்டு நவம்பரிலே கதர்நிதி திரட்ட இலங்கைக்கு வந்து, கண்டிக்கும் எழுந்தருளியவர் அவரே.

அந்நகைப்பைத் தாங்க அவர்க்கு வயதும் தொழிலும் துணைநின்றன. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு யாது துணை? தானே தைத்த வெண்சட்டையின் ஓரம் கோணியிருக்க, அவள் காலைக் கூட்டத்து வரிசையிலே நிற்கின்றாள். "இதை யார் தைத்தது?" என்று ஆசிரியர் நகைத்துக் கேட்பாராயின், அவள் அன்று கற்பது ஊசியை ஒளித்துவைக்கவே. அதே வினாவை வேறு குரலிலும் கேட்கலாம். தையல் எவ்விடத்தில் நேராக ஓடியிருக்கின்றது என்று முதலிற் காட்டலாம். ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டு தைத்தால் கோணாது என்று சொல்ல அரை நிமிஷம் போதும்.