சம்பளம் இல்லாத காவல்

அமெரிக்காவின் சிற்றூர்களில் துப்பாக்கி சுடும் தளங்கள் பலவற்றை நடத்துவது அந்தந்த ஊர் ரைபிள் கிளப்பின் உறுப்பினர்களே. புல் வெட்டுவது, இலக்குத் தாள்களுக்குச் சட்டம் அடிப்பது, சந்தா வசூலிப்பது எல்லாவற்றையும் முறை போட்டுச் செய்கிறார்கள். சுடுவரிசைக்குப் பின்னால் நின்று காவல் காக்கும் பாதுகாப்பு அலுவலர் வேலையும் அந்த முறைகளில் ஒன்று. தேசிய ரைபிள் சங்கம் நடத்தும் ஒரு நாள் வகுப்பில் தேறினால் அதற்கான சான்றிதழ் கிடைத்துவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியரும் மெக்கானிக்கும் கடைக்காரரும் வாரக் கடைசியில் சில மணி நேரத்தை இப்படிக் கொடுக்கிறார்கள், கூலி கிடையாது.

கூலி வாங்காமல் ஏற்ற பொறுப்புக்குக் கனம் குறையுமா என்ற கேள்வி ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எழுகிறது. 'அவர் என்ன சம்பளத்துக்கா நின்றார், ஏதோ உதவிக்கு வந்தவர்' என்ற பேச்சு இரக்கத்தில் பிறப்பது. ஆனால் அறத்தின் கணக்கில் அது செல்லாது. துப்பாக்கியின் முன்னும் பின்னும் நிற்பவர்கள் தங்கள் உயிரை அந்த மனிதரின் கண்ணை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். அவர் சம்பளம் வாங்குகிறாரா என்று எவரும் கேட்டுவிட்டு உள்ளே வருவதில்லை.

வேலை என்னவென்று பார்த்தாலே இது விளங்கும். தளத்தில் இரண்டு நிலைகள் மட்டுமே உண்டு. 'ஹாட்' என்று அறிவித்தால் சுடலாம். 'கோல்ட்' என்று அறிவித்தால் எல்லாத் துப்பாக்கிகளும் குண்டு நீக்கப்பட்டு, போல்ட் திறந்து, தோட்டா அறையில் நிறம் பளிச்சிடும் பிளாஸ்டிக் கொடி செருகப்பட்டு மேசையில் கிடக்க வேண்டும். அதன் பிறகுதான் இலக்குத் தாளை மாற்ற மற்றவர்கள் முன்னே நடந்து போவார்கள். அவர்கள் முன்னே இருக்கும் வரை மேசையில் உள்ள துப்பாக்கியை யாரும் தொடக்கூடாது, துடைப்பதற்காகக்கூட. அலுவலர் இலக்கைப் பார்ப்பதில்லை. சுடுபவரின் கைகளைப் பார்க்கிறார்: விரல் விசையின் மேல் இருக்கிறதா, குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று.

காதும் வேலை செய்ய வேண்டும். வரிசையாக வெடிக்கும் சத்தங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் 'டப்' என்று சோர்ந்து கேட்டால், மருந்து சரியாக எரியாமல் தோட்டா குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். சுடுபவர் அடுத்த தோட்டாவை ஏற்றி விசையை இழுத்தால் குழல் வெடிக்கக்கூடும். அவர் அடுத்த முறை விசையை இழுப்பதற்குள் 'நிறுத்து' என்ற குரல் வந்துவிட வேண்டும். இன்னொன்று, துப்பாக்கி சிக்கிக்கொண்டால் புதியவர்கள் அநேகமாக எல்லோரும் செய்வது: உதவி கேட்க உடம்போடு திரும்புவார்கள், கையிலிருக்கும் குழலும் கூடவே திரும்பும். பக்கத்தில் நிற்பவரின் விலாவை நோக்கி அது வருவதற்கு முன் அதைத் தடுப்பவருக்குத்தான் பாதுகாப்பு அலுவலர் என்று பெயர்.

இந்தப் பொறுப்பைத் தகுதியற்ற கைகளில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்ட் ஊர் சாட்சி. 2008 அக்டோபர் 26 அன்று அங்குள்ள விளையாட்டு வீரர் கிளப்பில் இயந்திரத் துப்பாக்கிக் கண்காட்சி நடந்தது. உரிமம் ஏதும் இல்லாமலேயே வந்து சுட்டுப் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். மருத்துவரான தந்தையோடு வந்த 8 வயதுச் சிறுவன் கையில் மைக்ரோ உஸி என்ற துப்பாக்கி கொடுக்கப்பட்டது. நிமிடத்துக்கு 1,000 தோட்டாக்களுக்கு மேல் கக்கும் கருவி அது. 30 தோட்டாக்கள் தீர இரண்டு விநாடிகூட ஆகாது. விசையை இழுத்ததும் துப்பாக்கி எகிறி மேல்நோக்கித் திரும்பியது. தந்தையின் கண்ணெதிரிலேயே சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது.

அந்த இடத்தில் அவனுக்கு மேற்பார்வையாக நின்றவன் 15 வயதுப் பையன், சான்றிதழ் ஏதும் இல்லாதவன். வழக்கு விசாரணையில் அவன் சொன்ன சாட்சியம் இந்த விவகாரம் முழுவதிலும் மிகவும் உறுத்துவது. சக்தி குறைந்த வேறு துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாமே என்று தந்தையிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்ததாக அவன் கூறினான். ஆபத்து அவன் கண்ணுக்குத் தெரிந்திருந்தது, வாயும் திறந்தான். ஆனால் வளர்ந்த ஒரு மனிதரிடம், அதுவும் மருத்துவரிடம், 'முடியாது' என்று சொல்லும் அதிகாரம் 15 வயதுக்கு ஏது? நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த முன்னாள் காவல்துறைத் தலைவர் மீது, கொலை நோக்கமில்லாமல் மரணம் விளைவித்ததாகவும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இயந்திரத் துப்பாக்கி கொடுத்ததாகவும் வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஜனவரியில் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். சட்டத்தின் கேள்விக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது.

அறத்தின் கேள்விக்குக் கிடைக்கவில்லை. திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. எந்த வேலையை யாரால் எதைக் கொண்டு முடிக்க இயலும் என்று ஆராய்ந்த பிறகே அதை அவரிடம் விட வேண்டும் என்பது அதன் சாரம். ஆராயாமல் விட்டவர் மேல்தான் அங்கே முதல் குற்றம். கிளப் நிர்வாகம் 'ஆள் குறைகிறது, நீ கொஞ்சம் நில்லப்பா' என்று கண்ணில் பட்டவரை நிறுத்தும்போது இந்தக் குற்றத்தைத்தான் செய்கிறது. நிற்க ஒப்புக்கொண்டவர் வயது வந்தவராக இருந்தால், தன் தகுதியைத் தானே எடை போடாத குற்றம் அவரையும் சேரும்.

'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இடித்துச் சொல்லும் ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாத அரசன், கெடுப்பவர் எவரும் இல்லாமலே கெடுவான் என்கிறார் வள்ளுவர். சுடுதளத்தில் அந்த இடித்துரைக்கும் ஆள் பாதுகாப்பு அலுவலர். இனிக்கப் பேசுவது அவர் வேலையாகாது. இருபது ஆண்டு உறுப்பினர், நன்கொடை கொடுத்தவர், கிளப் தலைவரின் மைத்துனர் என யார் குழலைத் தவறாகத் திருப்பினாலும் ஒரே குரலில் நிறுத்த வேண்டும். பழைய உறுப்பினர்களை நிறுத்துவது புதியவர்களை நிறுத்துவதைவிடக் கடினம் என்பதைத் தளத்தில் நின்ற யாரும் ஒப்புக்கொள்வார்கள். 'எனக்கே சொல்லித் தருகிறாயா' என்ற பார்வை ஒன்று வரும். அதைத் தாங்க முடியாதவருக்கு இந்தப் பணி ஏற்றதன்று.

மகிழ்ச்சி தரும் மறதி தனி ஆபத்து. 'பொச்சாவாமை' அதிகாரத்தின் தொடக்கமே இதுதான்: அளவு கடந்த கோபத்தைவிட, பெருமகிழ்ச்சியில் திளைத்து மறந்துபோவது அதிகத் தீங்கு செய்யும். வள்ளுவர் அரசனை மனத்தில் வைத்துச் சொன்னது, வெஸ்ட்ஃபீல்டுக்கு அப்படியே பொருந்துகிறது. அன்று அங்கே யாரும் கோபத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு வந்த கூட்டம், வேடிக்கை, படம் எடுக்கும் ஆசை. திருவிழா மனநிலையில் கூட்டமே திளைக்கும்போது திளைக்காமல் நிற்க ஒருவர் வேண்டும். தன்னார்வலராக வருபவருக்கு இது எளிதல்ல. அவரும் அந்த விளையாட்டின் மேல் உள்ள ஆசையால் வந்தவர்தானே. அதனால்தான் காவல் முறையில் இருக்கும் நேரத்தில் அலுவலர் தாமே சுடக்கூடாது என்று பல கிளப்புகள் விதி வைத்திருக்கின்றன.

'தெரியாமல் நடந்துவிட்டது' என்ற சமாதானத்தையும் நம் மரபு ஏற்பதில்லை. தசரதன் இருட்டில் நீர் மொள்ளும் ஓசையைக் கேட்டு யானை என்று நினைத்து அம்பு விட்டான். பட்டது பார்வையற்ற பெற்றோருக்கு நீர் எடுக்க வந்த மகன் மீது. அவன் மனத்தில் கொலை எண்ணம் துளியும் இல்லை, சாபம் தப்பவில்லை. இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் உறுதி செய்யாமல் விசையைத் தொடாதே என்று இன்றைய பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் விதியை மீறியவர்களுக்கு இதைவிடப் பழைய உதாரணம் கிடைப்பது அரிது. மனுநீதிச் சோழனின் மகனும் கன்றைத் தேடிப் போய்த் தேரேற்றவில்லை. ஆனாலும் ஆராய்ச்சி மணி அடித்த பசுவிடம், அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லி அனுப்பிவிட மனுவேந்தனால் முடியவில்லை. பாண்டியன் நெடுஞ்செழியன் பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் ஏற்றதற்கு உயிரையே கொடுத்தான். இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். அவர்களைச் சுட்டது கவனக்குறைவு.

இலக்குக்குப் பின்னால் இருப்பது என்ற விதி தமிழ்நாட்டுக்கும் அந்நியமில்லை. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பகுதியின் சுடுதளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்தான். அது சீருடைப் படையின் தளம், தன்னார்வலர்களின் கிளப் அல்ல. ஆனால் தோட்டாவுக்கு இந்த வேறுபாடு தெரியாது. கிளப்புகளில் அதிகம் புழங்கும் சிறிய .22 தோட்டாகூட ஒன்றரை மைல் வரை போகக்கூடியது. இலக்குக்குப் பின்னே மண்மேடு போதிய உயரத்தில் இருக்கிறதா, மழையில் கரைந்திருக்கிறதா, அதன் அந்தப் பக்கம் புதிதாக வீடு முளைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் அலுவலரின் கடமையில் சேரும்.

மறுபக்கத்துக்கும் வாதம் உண்டு. இவ்வளவு பாரத்தை ஏற்றினால் யார் முன்வருவார், கிளப்புகளை மூடிவிட வேண்டியதுதான் என்பார்கள். அமெரிக்க நாடாளுமன்றமும் இதை எண்ணித்தான் 1997இல் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. லாப நோக்கற்ற அமைப்புகளில் உழைப்பவர் சாதாரணக் கவனக்குறைவுக்காக நஷ்டஈடு கட்ட வேண்டியதில்லை என்று அது விலக்கு அளிக்கிறது. அந்த இரக்கம் நியாயமானதே. ஆனால் மிகக் கடுமையான அலட்சியத்தையும் தெரிந்தே செய்த தவறையும் அந்தச் சட்டமும் மன்னிக்கவில்லை. நீதிமன்றம் விலக்கு அளித்த இடத்தில் மனச்சான்றும் விலக்கு அளிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கக்கூடாது. பிள்ளைக்கு எது நல்லது என்று தீர்மானிப்பவர் பெற்றோர் என்ற இன்னொரு வாதமும் கேட்கிறது. வீட்டில் அது சரி. சுடுவரிசையில் பெற்றோரின் உரிமை அலுவலரின் 'முடியாது' என்ற சொல்லோடு முடிந்துவிட வேண்டும். வெஸ்ட்ஃபீல்டில் முடிந்திருந்தால் ஒரு பிள்ளை பிழைத்திருப்பான்.

கண்ணோட்டம் என்னும் இரக்கம் வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் 'கண்ணோட்டம்' அதிகாரமே எல்லை போட்டுவிட்டது: கடமை கெடாதபடி இரக்கம் காட்டத் தெரிந்தவர்க்கே உலகம் உரியது. கடமை கெட்டால் அந்த இரக்கம் கூட்டுக் குற்றம்.

இரக்கத்தைச் செயலில் காட்ட வழிகள் இருக்கின்றன. 2014 ஆகஸ்ட் 25 அன்று அரிசோனாவில் ஒரு சுற்றுலாச் சுடுதளத்தில் 9 வயதுச் சிறுமி உஸி துப்பாக்கியைத் தானியங்கி முறையில் இயக்கியபோது அது கையை மீறித் திரும்பி, பக்கத்தில் நின்ற பயிற்சியாளரைக் கொன்றது. அவர் சம்பளம் வாங்கிய, அனுபவமுள்ள மனிதர், சம்பளம் காப்பாற்றவில்லை. காப்பாற்றக்கூடிய இரக்கம் இப்படி இருக்கும்: முதல் முறை சுடுபவருக்கு மேகசினில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போட்டுக் கொடுத்தால், துப்பாக்கி எகிறினாலும் இரண்டாவது குண்டு இருக்காது. சிறுவர்களுக்கு எதிருதைப்புக் குறைந்த .22 ரைபிளை மணல் மூட்டையில் சாய்த்துக் கொடுக்கலாம். குழந்தையின் உற்சாகமும் கெடாது, உயிரும் போகாது.

துப்பாக்கியே வேண்டாம் என்பவர்களின் கட்சிக்குக் 'கொல்லாமை' அதிகாரம் துணை நிற்கும் என்று தோன்றலாம். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். 1896 ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்ற விளையாட்டை ஊர் ஊராக ஆடிக்கொண்டிருக்கையில், அதில் யாரும் சாகாமல் பார்த்துக்கொள்வதும் கொல்லாமையின் ஒரு வேலைதான்.

கடைசியாக, நிர்வாகமே அலுவலரின் கையைக் கட்டும் நிலை. கட்டணம் கட்டி வந்தவரைத் திருப்பி அனுப்பாதே, தலைவரின் விருந்தினரைக் கடிந்துகொள்ளாதே என்று செயற்குழு சொல்லத் தொடங்கினால், அந்தத் தளத்தில் அலுவலர் என்ற பெயர் மட்டும் மிச்சம். ஆள் இல்லையே என்ற பரிதாபத்தில் தொடர்ந்து நிற்பது, நம்பி வருபவர்களை ஏமாற்றுவதாகும். எந்த நாளில் யாரை நிறுத்த முயன்றார், யார் தடுத்தார் என்று தளத்தின் பதிவேட்டில் எழுதி, ஒரு நகலைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். அடுத்து முறைக்கு வரும் தன்னார்வலர் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.