வீடு விருப்பத்துக்குரியதா?

பிள்ளை வீட்டில் இருப்பது கட்டாயமா, விருப்பமா என்று எந்தத் தாயிடமாவது கேட்டுப் பாருங்கள். இதென்ன கேள்வி என்று உங்களை ஏற இறங்கப் பார்ப்பாள். ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் சட்டத்தில் இதற்கு விடை எழுதப்பட்டிருக்கிறது. வறியோருக்கும் அங்கவீனருக்குமென 1965ஆம் ஆண்டில் அங்கு ஏற்பட்ட அரச மருத்துவ நிதித் திட்டம் 'மெடிக்கெயிட்'. அதன்படி, தகுதியுள்ள ஒருவரைத் தாதியர் பராமரிப்பு இல்லத்தில் வைத்துப் பார்க்க மாநிலங்கள் கட்டாயம் பணம் கொடுக்க வேண்டும். அவரை வீட்டிலும் ஊரிலும் வைத்துப் பார்க்க உதவுவதோ, பெரும்பாலும் மாநிலங்களின் விருப்பம்.

வருமானம் குறையும்போது எது முதலில் வெட்டப்படும் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. 2025 யூலை 4ஆம் திகதி கையொப்பமான சட்டத்தால், மெடிக்கெயிட்டுக்கான மத்திய அரசின் செலவு பத்து ஆண்டுகளில் 90,000 கோடி டொலருக்கு மேல் குறையும் எனக் கணிக்கப்பட்டது. அச்சட்டம் வீட்டுப் பராமரிப்பில் நேரே கைவைக்கவில்லை என்பார்கள். உண்மைதான். ஆயினும் குளம் வற்றினால் முதலில் காய்வது வாய்க்காலின் கடைசி வயல் அல்லவா?

வாசகர்களே, மலிவான வழி ஒன்று முன்னரே பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. நியூயோர்க்கின் வில்லோபுறூக் அரச நிலையம் 4,000 பேருக்கெனக் கட்டப்பட்டது. 1965இல் அங்கு 6,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். உடையின்றி, கவனிப்பாரின்றிக் கிடந்த பிள்ளைகளை 1972இல் தொலைக்காட்சி காட்டியபோது நாடே வெட்கப்பட்டது. 1987இல் அது மூடப்பட்டது.

அயோவா மாநிலத்துக் கேற்றி பெக்கெற் என்ற சிறுமியின் கதை வேறு. குழந்தைப் பருவத்தில் மூளையழற்சி கண்டு, சுவாசக் கருவியின் உதவியோடு ஆஸ்பத்திரியில் வளர்ந்தவள். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை அரசு பணம் கொடுத்தது. வீட்டுக்குப் போனால் பெற்றோரின் வருமானத்தைக் காட்டி நிறுத்திவிடும். ஆஸ்பத்திரியில் மாதம் 6,000 டொலர் செலவு, வீட்டில் 1,000 டொலரே போதும் என்று 1981 நவம்பரில் ஜனாதிபதி றேகன் எடுத்துச் சொன்னார். அவ்வாண்டு முடியுமுன் அவள் வீடு சேர்ந்தாள். வளர்ந்து, அங்கவீனரின் உரிமைக்காகக் குரல் கொடுத்து, 2012இல் 34 வயதில் இறந்தாள்.

இந்தக் கணக்கு எனக்கு மகிழ்ச்சியையும் தருகிறது, அச்சத்தையும் தருகிறது. செலவு குறைவு என்பதற்காகவே வீடு நல்லதென்றால், நாளை பெரிய கட்டடமொன்றில் நூற்றுக்கணக்கானோரை அடைப்பது அதைவிட மலிவாகும்போது என்ன சொல்வோம்? வில்லோபுறூக்கும் மலிவானதுதான். தேவையின்றி ஒருவரை நிலையத்தில் ஒதுக்கி வைப்பது பாரபட்சம் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. ஆனால் மாநிலத்தின் வளத்தையும் கவனிக்கலாம் என்று அத்தீர்ப்பே கூறுகிறது. ஆகவே பணம் சுருங்கினால் உரிமையும் சுருங்கும்.

'பெற்ற பிள்ளையைப் பெற்றோர் பார்க்கட்டும், அரசுக்கு இதில் என்ன வேலை?' என்று நம்மவர் கேட்பர். இக்கேள்வியில் பாசமும் உண்டு, பிறர் பாரத்தைத் தட்டிக் கழிக்கும் சாமர்த்தியமும் உண்டு. முப்பத்தைந்து வயது மகனைத் தூக்கிக் குளிப்பாட்டும் எழுபது வயதுத் தாயை எண்ணிப் பாருங்கள். குளிப்பாட்ட ஓர் உதவியாளர், மகன் பகலில் போய் வேலை பழக ஓரிடம், தாய்க்கு இரண்டு நாள் ஓய்வு, அவள் கண்மூடிய பின் அவன் நாலைந்து பேரோடு வாழ ஒரு சிறு வீடு: அந்தப் பணம் வாங்குவது இவற்றைத்தான். நம்முடையதை எடுத்துக் கொடுப்பது தர்மம். அவனுக்குரியதை அவனுக்குக் கொடுப்பது நீதி. தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வரிப்பணம் செலவிடுவதை எவரும் தர்மம் என்று சொல்வதில்லையே!

2024ஆம் ஆண்டில் இவ்வுதவிக்காக அந்நாட்டில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் காத்திருப்போர் பட்டியல்களில் இருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் அறிவாற்றலிலோ வளர்ச்சியிலோ குறைபாடுள்ளவர்கள். சிலருக்கு முறை வரப் பல ஆண்டுகள் செல்லும். அதற்குள் அவர்களின் தாய்மாருக்கும் வயது ஏறிவிடுகிறது.