அவையில் சொன்ன பெயர்

ஒரு நாட்டின் தலைவர் மற்றொரு நாட்டிற்கு அரசு விருந்தினராகச் செல்லும்போது சில சடங்குகள் தவறாமல் நிகழ்கின்றன. அணிவகுப்பு மரியாதை, நினைவிடத்தில் மலர்வளையம், பேச்சுவார்த்தை, மாலையில் விருந்து, விருந்தில் ஓர் உரை. அந்த உரையில் விருந்தளிக்கும் நாட்டின் பெரியோர் ஒருவரைப் போற்றுவது மரபு. இந்தியாவிற்கு வருவோர் பெரும்பாலும் சொல்லும் பெயர் காந்தியடிகளுடையது. பிற நாட்டு அவைகளில் பேசும் இந்தியத் தலைவர்களும் அப்பெயரை அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள்.

பெயரைச் சொல்வது எளிது. அதற்குச் செலவு ஏதுமில்லை. அவையினர் கைதட்டுவர். மறுநாள் செய்தித்தாளில் அவ்வரி அச்சாகும். அதே நாளில் அதே இருவர் ஆயுத ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடவும் கூடும். இதைக் காணும் சிந்தனையாளர் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஒரு மகானின் பெயரை அவையில் சொல்வது எத்தகைய செயல்? அது நன்றியா, வெறும் அலங்காரமா, அல்லது சொல்பவர் அறியாமலே தம்மீது ஏற்றுக்கொள்ளும் ஒரு கடனா?

மைசூருவிலிருந்து சென்ற பேராசிரியர்

இக்கேள்வியை ஆராயப் புகுவோர் மைசூரு நகரிலிருந்து தொடங்கலாம். தூதின் இலக்கணத்தை உரைக்கும் தொன்மையான நூல் ஒன்று அந்நகரில்தான் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் அளித்த ஓலைச்சுவடிகளுள் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இருப்பதை 1905-ஆம் ஆண்டில் மைசூரு கீழ்த்திசை நூலகத்தில் பணியாற்றிய ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்தார். 1909-இல் அதை அவர் பதிப்பித்தார். தூதனின் கடமைகளைக் கூற அந்நூலில் தனி இயலே உண்டு. திருவள்ளுவரும் ‘தூது’ என்று ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். தன் உயிருக்கே ஊறு நேருமாயினும் தூதன் சொல்ல வேண்டியதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில் இரு நூல்களும் உடன்படுகின்றன. அவையோரை மகிழ்விப்பது தூதனின் முதற்கடமை என்று இரண்டில் எதுவும் கூறவில்லை.

அந்நகரின் மகாராஜா கல்லூரிக்கு 1918-ஆம் ஆண்டு தத்துவப் பேராசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். திருத்தணியில் பிறந்து சென்னையில் கல்வி கற்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்தான் அவர். மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றி அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1921-இல் அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்குப் புறப்பட்ட நாளில், மாணவர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே அதை இழுத்துக்கொண்டு இரயில் நிலையம் வரை சென்றனர். ஆசிரியர் மீது கொண்ட மதிப்பை அம்மாணவர்கள் சொல்லால் மட்டும் தெரிவிக்கவில்லை. அதன் பாரத்தைத் தங்கள் தோளில் ஏற்றிக்கொண்டனர். போற்றுதலுக்கும் பாரம் சுமப்பதற்கும் இடையே உள்ள இவ்வுறவே இங்கு ஆராயத்தக்கது.

செருப்பின் கதை

1939-ஆம் ஆண்டு காந்தியடிகளின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி ராதாகிருஷ்ணன் ஒரு மலரைத் தொகுத்தார். பல நாடுகளின் அறிஞர்களும் அரசியலாரும் அதில் எழுதினர். அவர்களுள் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் ஜெனரல் ஸ்மட்ஸ். இந்தியர்களின் உரிமைக்காகக் காந்தியடிகள் அந்நாட்டில் சத்தியாக்கிரகம் நடத்தியபோது அவரைச் சிறையில் அடைத்த அரசின் அமைச்சர் இவர். இவ்விருவருக்கும் இடையே நிகழ்ந்த நீண்ட பேச்சுவார்த்தையின் பயனாகவே 1914-இல் இந்தியர் நிவாரணச் சட்டம் பிறந்தது. மூன்று பவுன் தலைவரியும் ஒழிந்தது.

சிறையிலிருந்தபோது காந்தியடிகள் தம் கையால் ஒரு ஜோடிச் செருப்புத் தைத்தார். தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோது அதை ஸ்மட்ஸுக்கு அன்பளிப்பாகத் தந்தார். அச்செருப்பைப் பல கோடைக்காலங்களில் தாம் அணிந்ததாகவும், அத்தகைய பெரியவர் தந்த காலணியில் நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்று உணர்ந்ததாகவும் ஸ்மட்ஸ் அந்த மலரில் எழுதினார். எதிரணியில் நின்ற ஒருவரிடமிருந்து வந்த இப்புகழுரையில் பொய் இருந்ததாகக் கருத இடமில்லை. அதில் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் பணிவும் இருந்தது.

ஆயினும் வரலாறு அத்துடன் நிற்கவில்லை.

ஏழாண்டுகளுக்குப் பின்

1945-இல் ஐக்கிய நாடுகள் சபையின் சாசனம் உருவானபோது அதன் முகவுரைக்கு முதல் வரைவை எழுதியவர் இதே ஸ்மட்ஸ். அடிப்படை மனித உரிமைகளில் நம்பிக்கை கொள்வதாக அம்முகவுரை அறிவிக்கிறது. அச்சாசனத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர் ஆர்க்காடு ராமசாமி முதலியார். அடுத்த ஆண்டே அவர் மைசூர் சமஸ்தானத்தின் திவானாகப் பொறுப்பேற்றார்.

அதே 1946-இல் பிரதமர் ஸ்மட்ஸின் அரசு, இந்தியர்கள் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. டர்பன் நகரில் இந்தியர்கள் மீண்டும் சத்தியாக்கிரகம் தொடங்கினர். இந்தியா இவ்வழக்கை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றது. இந்தியக் குழுவின் தலைவர் விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். இது தமது நாட்டின் உள்விவகாரம் என்று ஸ்மட்ஸ் மறுத்தார். சாசனத்தில் மனித உரிமை என்று எழுதியவரே, அச்சொல் தம் நாட்டின் வாசலுக்கு வந்தபோது உள்ளே விட மறுத்தார். 1946 டிசம்பர் 8-ஆம் நாள் 32 நாடுகள் இந்தியாவை ஆதரித்தன, 15 எதிர்த்தன, 7 நடுநிலை வகித்தன. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் தீர்மானம் நிறைவேறியது.

ஸ்மட்ஸை வேடதாரி என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எளிது; ஆனால் அது நியாயமாகாது. காந்தியடிகளிடம் அவர் கொண்டிருந்த மதிப்பு உண்மையானது. வெள்ளையர் வாக்கை நம்பியிருந்த அரசியல் அவரைக் கட்டிப்போட்டிருந்ததும் உண்மை. இவ்விரு உண்மைகளும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று தொடாமல் வாழ முடிந்தது என்பதே அவருடைய வாழ்க்கை உணர்த்தும் பாடம். மகானைப் போற்றும் அறை ஒன்று, சட்டம் இயற்றும் அறை வேறொன்று; இடையில் கதவு இல்லை.

அன்று அவையில் நிகழ்ந்த வாதத்தைவிட, வாக்கெடுப்பு முடிந்தபின் நிகழ்ந்த ஒன்று அதிகம் நினைக்கத்தக்கது. வழக்கில் வெல்வதைவிட வாதத்தில் பண்பு குறையாதிருப்பதே பெரிது என்று காந்தியடிகள் விஜயலட்சுமி பண்டிட்டுக்கு அறிவுறுத்தி அனுப்பியிருந்தார். வெற்றி கிடைத்ததும் அவர் நேரே ஸ்மட்ஸிடம் சென்று, அந்த அளவுகோலுக்குக் குறைவாகத் தாம் ஏதேனும் பேசியிருந்தால் பொறுத்தருள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இது வெறும் வெற்றி என்றும், இதனால் தாம் தேர்தலில் தோற்கக்கூடும் என்றும் அம்முதியவர் பதிலளித்ததாக அவர் தமது வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். 1948-இல் ஸ்மட்ஸ் தோற்றதும் நிறவெறியைக் கொள்கையாகவே அறிவித்த கட்சி ஆட்சிக்கு வந்ததும் வரலாறு.

வென்றவர் தோற்றவரிடம் சென்று பணிவுடன் நின்ற அந்தச் சில நொடிகளில் எவரும் புகழுரை நிகழ்த்தவில்லை, கைதட்டலும் இல்லை. ஆனால் காந்தியடிகள் அந்த அவையில் நினைவுகூரப்பட்ட மிக உயர்ந்த தருணம் அதுவே எனலாம்.

கிரெம்ளினில் அசோகர்

மைசூருவின் பழைய பேராசிரியர் 1949-இல் சோவியத் நாட்டிற்கு இந்தியத் தூதராகச் சென்றார். 1950 ஜனவரியில் ஸ்டாலினைச் சந்தித்தபோது அவர் பேரரசர் அசோகரை நினைவுகூர்ந்தார். குருதி சிந்தி வெற்றி பெற்ற பின் போரைத் துறந்த மன்னர் ஒருவர் தம் நாட்டில் இருந்ததையும், வலிமையால் ஆட்சிக்கு வந்த ஸ்டாலினுக்கும் அத்தகைய மாற்றம் நேரலாம் என்பதையும் அவர் எடுத்துரைத்தார். அற்புதங்கள் சில வேளை நிகழ்வதுண்டு என்று, இளமையில் சமயக் கல்விக்கூடத்தில் பயின்ற ஸ்டாலின் ஒப்புக்கொண்டதாகக் கூறுவர்.

உலகமே அஞ்சிய ஒருவரின் முன்னால் அசோகரின் பெயரைப் பெருமைக்காக மட்டும் சொல்லியிருக்கலாம். தம் நாட்டின் தொன்மையைப் பறைசாற்றிவிட்டு அமைந்திருக்கலாம். ராதாகிருஷ்ணன் அப்பெயரைக் கேட்பவரின் வாழ்க்கைக்கு எதிரே ஒரு கண்ணாடியாக வைத்தார். அதில் நிந்தனை இல்லை; மனிதன் மாறக்கூடியவன் என்ற நம்பிக்கை இருந்தது. உயிருக்கு அஞ்சாது உண்மையுரைக்கும் தூதனின் இலக்கணம் அங்கே நடைமுறையில் விளங்கிற்று.

சடங்கிற்கும் ஒரு பயன்

அப்படியாயின் சடங்காகச் சொல்லும் புகழுரைகள் அனைத்தும் வீணா? அவ்வாறு முடிவு கட்டுவதும் அவசரமே.

கடன் பத்திரத்தில் கையெழுத்திடுபவர் எந்த மனநிலையில் கையெழுத்திட்டார் என்று யாரும் கேட்பதில்லை. பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவர் அதைக் காட்டிக் கேட்கலாம். அவையில் சொன்ன சொல்லும் அத்தகையதே. ஸ்மட்ஸ் வரைந்த முகவுரை பின்னர் பிறர் கையிலும் பத்திரமாயிற்று. 1946-க்குப் பின்னும் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி பல்லாண்டுகள் பொதுச்சபையில் வழக்காக நின்றது. 1994-இல் அந்நாட்டு மக்கள் அனைவரும் நிறபேதமின்றி வாக்களிக்கும் வரை, அச்சாசனச் சொற்களைக் காட்டிக் கேட்பவர்கள் ஓயவில்லை. 1997-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரம் காந்தியடிகளுக்கு மறைவிற்குப் பின் நகர உரிமையை வழங்கியபோது, அதிபர் நெல்சன் மண்டேலா அவ்விழாவில் பங்கேற்றார். ஓர் இளம் வழக்கறிஞரை இரயிலிலிருந்து கீழே தள்ளிய அந்த ஊர், நூறாண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு பழைய கடனைத் தீர்த்தது.

2007 ஜூன் 15-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அக்டோபர் 2-ஆம் நாளை உலக அகிம்சை தினமாக அறிவித்தது. 140 நாடுகள் அத்தீர்மானத்தை இணைந்து முன்மொழிந்தன. அந்நாடுகளுள் படை இல்லாதவை மிகச் சிலவே. எனினும் அவை ஒவ்வொன்றும் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன. அந்நாட்டின் எளிய குடிமகன் ஒருவன் என்றேனும் அதைக் காட்டிக் கேட்க முடியும். ரூபாய் நோட்டில் காந்தியடிகளின் முகத்தை அச்சிட்டிருக்கும் பாரத நாடும் இதற்கு விலக்கன்று.

கடனை ஏற்க இயலாதவர் அதை ஒளிவின்றிச் சொல்வதும் ஒருவகை மரியாதையே. 2009 டிசம்பரில் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா நோபல் அமைதிப் பரிசு பெற்றார். அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 படைவீரர்களை அனுப்ப ஆணையிட்டிருந்தார். பரிசேற்பு உரையில் அவர் காந்தியடிகளையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் பெயர் சொல்லிப் போற்றினார். ஆனால் நாட்டைக் காக்கும் பொறுப்பேற்ற தம்மால் அவர்களுடைய வழியை மட்டுமே பின்பற்ற இயலாது என்றும் கூறினார். அக்கருத்தை ஏற்காதவர் பலர் உண்டு. ஆயினும் தமக்கும் அம்மகான்களுக்கும் இடையே உள்ள தொலைவை அவர் மறைக்கவில்லை.

குறையையும் நினைப்பது

நினைவுகூர்தலுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 2016-இல் கானா பல்கலைக்கழக வளாகத்தில் காந்தியடிகளின் சிலை ஒன்று இந்தியக் குடியரசுத் தலைவரால் திறந்து வைக்கப்பட்டது. 2018 டிசம்பரில் அது அகற்றப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தொடக்க ஆண்டுகளில் கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதிய சில வரிகள் அங்குள்ள ஆசிரியர்களையும் மாணவர்களையும் புண்படுத்தியதே காரணம்.

இச்செய்தியைக் கேட்டு வருந்துவது இயல்பு, சினப்படுவது தேவையற்றது. குறையே இல்லாதவராகக் காட்டும் புகழுரை, ஒரு குறை தெரிந்தவுடன் நொறுங்கிவிடுகிறது. காந்தியடிகளோ தம்மைப் பூரணர் என்று ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. வாழ்க்கையைச் சத்திய சோதனையாகவே கண்டவர் அவர். ஓர் இளைஞரின் குறுகிய பார்வை எவ்வாறு விரிந்து, பின்னாளில் ஆப்பிரிக்க மக்களின் விடுதலைத் தலைவர்களும் வழிகாட்டியாகக் கருதும் நிலைக்கு உயர்ந்தது என்பதைச் சொல்வதே உண்மையான நினைவு. வளர்ந்த மனிதரைப் பின்பற்ற முடியும். வானத்திலிருந்து இறங்கியவராகச் சித்திரிக்கப்படுபவரை வணங்க மட்டுமே முடியும்.

வீட்டிலும் இதே நீதி

நாடுகளுக்குப் பொருந்தும் இந்நீதி தனிமனிதருக்கும் பொருந்தும். வீட்டுக் கூடத்தில் தந்தையின் படத்திற்கு நாள்தோறும் மாலை சாத்துகிறார் ஒருவர். தந்தை தம்பிக்குத் தருவதாக வாக்களித்த நிலத்தை மட்டும் தர மறுக்கிறார். பக்தியில் குறைவில்லை, ஆனால் பூஜைக்கும் பத்திரப் பதிவுக்கும் இடையே கதவில்லை. ஆசிரியரைப் புகழ்ந்து மேடையில் கண்கலங்கும் மாணவன், அவர் கற்றுத் தந்த நேர்மையை அலுவலகத்தில் விட்டுவிடுவதும் இத்தகையதே. ஸ்மட்ஸைக் குறை கூறுமுன் ஒவ்வொருவரும் தம் இல்லத்தின் அறைகளை எண்ணிப் பார்ப்பது நன்று.

ஆகவே ஒரு பெரியவரின் பெயரை நாவில் எடுக்கும்போது, இந்தப் பெயர் தம்முடைய எந்தச் செயலைக் கேள்வி கேட்கும் என்று சொல்பவர் தம்மைத்தாமே வினவிக்கொள்ள வேண்டும். எதையும் கேட்காது என்று விடை வந்தால், அப்பெயரை அன்று சொல்லாமல் இருப்பதே மேல். ஏதேனும் ஒன்றைக் கேட்கும் என்று தோன்றினால், அந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். புகழுரையை அதற்குப் பின்னர் நிகழ்த்தினாலும் காலதாமதம் ஆகிவிடாது.