கயிறு யார் கையில்?

சிபில் கார்த்திகேசுவின் கதை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பலரும் அறிந்ததுதான். ஈப்போவில் கிளினிக் நடத்திய டாக்டர் கார்த்திகேசுவின் மனைவி, தாதி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஈப்போவைப் பிடிப்பதற்குச் சற்று முன் பக்கத்து ஊரான பாப்பானுக்குக் குடிபெயர்ந்து, ஜப்பானியரை எதிர்த்துப் போராடிக் காட்டிலிருந்து காயத்தோடு வந்த கெரில்லாக்களுக்கு ரகசியமாக மருந்திட்டார். ஒளித்துவைத்த வானொலியில் போர்ச் செய்தி கேட்டார். 1943-இல் பிடிபட்டார். அவரைப் பேசவைக்க, ஆறேழு வயது மகள் டாவ்னைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் பட்ட மற்ற வதைகளைவிட அந்தக் கயிறுதான் மனத்தை அரிக்கிறது. அதைக் கட்டியவர்கள் சொல்லாமல் சொன்னது இதுதான்: பிள்ளையின் உயிர் உன் கையில், முடிவு உன்னுடையது.

இதில் அச்சமூட்டுவது, மனிதன் தன் தேர்வுகளுக்குத் தானே பொறுப்பு என்னும் இருத்தலியல் தத்துவமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது என்பது. 1945 அக்டோபரில் பாரிசில் ஆற்றிய உரையில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சார்த்தர் ஒரு மாணவனைப் பற்றிச் சொன்னார். தாய்க்குத் துணையாக இருப்பதா, நாஜிகளை எதிர்க்கும் படையில் சேர்வதா என்று கேட்டு வந்தவன் அவன். நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்துகொள் என்பதே அவனுக்குக் கிடைத்த விடை. சிபில் கத்தோலிக்கர், முடிவெடுத்தது அவரல்ல, அவருடைய விசுவாசம் என்று யாரேனும் மறுக்கலாம். ஆனால் பிள்ளையைக் காப்பாற்று என்றும் அதே விசுவாசம் சொல்லியிருக்கக்கூடும். தெய்வத்தின் குரலை இப்படித்தான் கேட்பது என்று தீர்மானித்ததும் அவர்தான். இந்த இடத்தில் சார்த்தர் சொல்வது சரி.

ஆனால் மாணவனின் தாயை யாரும் கயிற்றில் கட்டவில்லை. தேர்வு உன்னுடையது என்பதைத் தத்துவ ஆசிரியன் சொல்வது வேறு, கயிற்றைக் கட்டியவன் சொல்வது வேறு. இரண்டாமவன் தன் குற்றத்தை எதிரில் நிற்பவரின் தலையில் இறக்கிவைக்கிறான். ரப்பர் தோட்டங்களுக்கு இது புதிய தந்திரமல்ல. மலாயாத் தோட்டங்களிலிருந்து, போர்க்காலத்தில் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்குப் போன பல்லாயிரம் தமிழர்களில் எத்தனையோ பேர் நல்ல சம்பளம் என்ற பொய்யை நம்பிப் போனவர்கள். அவர்களாகத்தானே போனார்கள் என்பது எந்த ஊர் நியாயம்? 1950-களில் பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கும் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோதும் பிடிக்காதவர்கள் போகலாம் என்றார்கள் முதலாளிகள். வேலை போனால் லயத்து வீடும் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடைபட்ட நிலையில் இருப்பவரை அவர் நிலைக்காகக் குற்றம் சொல்ல முடியாது என்பதைச் சார்த்தரைவிட அவருடைய தோழியும் தத்துவ எழுத்தாளருமான சிமோன் த பொவார் நன்றாக உணர்ந்திருந்தார்.

அப்படியானால் சூழ்நிலைதான் எல்லாம், மனிதன் வெறும் பொம்மை என்றாகுமா? ஆகாது. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிய தொழிலாளர்கள், விற்பனைக்கு வந்த தோட்டங்களையே வாங்கினார்கள். இருப்பதா, போவதா என்று முதலாளி வைத்த கேள்விக்கு அவர்கள் விடை சொல்லவில்லை, கேள்வியையே மாற்றினார்கள். சிபிலின் மௌனத்தையும் நான் அப்படித்தான் படிக்கிறேன். பிள்ளையா, போராளிகளா என்று அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கயிறு என் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது என்று மறுத்தார். ஆனால் தொங்கிய குழந்தைக்கு இந்த வேறுபாட்டால் என்ன பயன் என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. அன்று ஒரு ஜப்பானிய அதிகாரி குறுக்கிட்டதால் டாவ்ன் பிழைத்தாள். அவர் வராதிருந்தால் இந்த வாதத்தை இவ்வளவு தைரியமாக எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.