சுமந்து செல்லப்பட்டவரின் வாக்கு

பழனி மலைப் படிகளை ஏற இயலாத பக்தர்களின் பொருட்டு 1966-ஆம் ஆண்டில் விஞ்ச் என்னும் இழுவை ரயிலும், 2004-இல் ரோப் காரும் அமைக்கப்பட்டன. படியேறுவதையே ஒரு விரதமாகக் கொள்ளும் தலத்தில்கூட, கால் வலுவில்லாதவரை அடிவாரத்தில் நிறுத்திவிடுவது தர்மமன்று என்று கண்ட ஊர் அது. அவ்வூரிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும், ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நாளில் பள்ளிக்கூடமே வாக்குச்சாவடியாகிறது. வராந்தாவுக்கு ஏறும் மூன்று படிகள், போலியோவினால் கால் சூம்பிய ஒருவரையோ, இடுப்பு முறிந்து சக்கர நாற்காலியில் காலந்தள்ளும் ஒரு மூதாட்டியையோ தடுக்குமாயின், அங்கு நேர்வது வெறும் அசௌகரியந்தானா, அநீதியா என்பதே கேள்வி.

அசௌகரியந்தான் என்பவர் கூறும் சமாதானம் ஒன்று உண்டு. நம் ஊர்களில் உபகாரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு இளைஞர்கள் ஓடிவந்து, "பாட்டி, தோளைப் புடிச்சுக்கங்க" என்று நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள். சாய்தளம் எதற்கு என்பார்கள். அந்த இளைஞர்களின் அன்பைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆயினும், பாராளுமன்றத் தேர்தலில் வேட்பாளர் எங்கோ இருப்பவர். வார்டுத் தேர்தலிலோ அவர் அடுத்த வீட்டுக்காரர், தூக்க வருகிறவன் அவருடைய தம்பி மகன். செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் போற்றும் சமூகத்தில், தன்னைச் சுமந்து வந்த கைகளுக்கு மாறாக வாக்களிப்பது அந்த மூதாட்டிக்குத் துரோகமாகவே தோன்றும். அக்கைகளுக்காகவே வாக்களித்தாலோ, அது தன் மனச்சாட்சிக்குத் துரோகம். நன்றி, நேர்மை என்னும் இரண்டு நற்குணங்களில் ஒன்றைப் பலிகொடுக்குமாறு ஒரு பிரஜையை அந்தப் படிகள் நிர்ப்பந்திக்கின்றன. இதை அநீதி என்னாமல் வேறென்ன சொல்வது?

பார்வையற்றவரின் நிலை இதனினும் நுட்பமானது. 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலில், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள் என்று பதவிக்கொரு நிறமாகச் சீட்டுகள் கையில் தரப்பட்டன. எழுத்தறியாதவர் மயங்காதிருப்பதற்கு உதவும் நல்ல ஏற்பாடு. விரலால் தடவிப் பார்ப்பவருக்கோ எல்லாம் ஒரே காகிதம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்ல விதி இடங்கொடுக்கிறது. அவர் பெற்ற மகனேயாயினும், அந்தரங்கம் இருவர் அறிந்ததாகிவிடுகிறது.

சாவடிகள் யாவும் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கனவாக இருத்தலை, 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கடமையாகவே விதித்திருக்கிறது. இருப்பினும், 2024 பாராளுமன்றத் தேர்தலில் 85 வயது கடந்தோருக்கும் 40 சதவிகிதமோ அதற்கு மேலோ ஊனமுற்றோருக்கும் செய்தது போல, வீட்டுக்கே சீட்டை அனுப்பிவிட்டால் போதாதா என்பர். படுக்கையோடு கிடப்பவருக்கு அது பேருபகாரம். வரக்கூடியவரையும் வீட்டோடு இருத்திவிட அது சாக்காகுமாயின், ஊராரோடு வரிசையில் நின்று விரலில் மையிட்டுக்கொள்ளும் சமத்துவத்தை அவரிடமிருந்து பறித்ததாகும். குடும்பத் தலைவரின் பார்வை படாத மறைவிடம் சாவடியில் உண்டு, எல்லா வீட்டிலும் உண்டென்பதற்கில்லை.

படிக்கு அரையடியாக, அந்தப் பள்ளி வராந்தாவின் மூன்று படிக்கு ஒன்றரை அடி உயரம். அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்னும் கணக்கில் 18 அடிச் சாய்தளம் வேண்டும். முந்தின நாள் மாலை அவசரமாகச் சாய்த்துவைக்கும் ஆறடிப் பலகையில் சக்கர நாற்காலியை ஏற்றுவதற்கு, மறுபடியும் அந்த இரண்டு இளைஞர்களைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.