கிளம்ப ஒரு சாக்கு

தஞ்சாவூர்ப் பக்கத்தில் யாரும் சும்மா ஊர் பார்க்கக் கிளம்புவதில்லை. கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம், பெண் பார்ப்பது, வேண்டுதல் என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் வாசற்படி தாண்டலாம். தெருவில் இறங்கியதும் எதிர்வீட்டிலிருந்து "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்பார்கள். "சும்மா, தாராசுரம் பாத்துட்டு வரலாம்னு" என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஐரோப்பியத் தலைநகரங்களில் இருப்பவர்கள் விடுமுறை நாளில் ரயிலேறிச் சுற்றுவட்டாரக் கிராமங்களைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புகிறார்கள். நமக்கும் ஒரு பழைய தலைநகரம் இருக்கிறது. மேற்கே கல்லணை, வடக்கே திருவையாறு, கிழக்கே தாராசுரம், கொள்ளிடம் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். எல்லாமே போன அன்றே திரும்பிவிடுகிற தூரம். ஆனால் எதற்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லியாக வேண்டும்.

சாக்கு தேடுவது நம் ஊர்க் குணம் மட்டும் இல்லை. 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு 500 பேர்போலத் தனி ரயிலில் அழைத்துப் போனார். தூரம் 11 மைல், போக வர ஆளுக்கு ஒரு ஷில்லிங். பிற்காலத்தில் உலகம் முழுக்கச் சுற்றுலா நடத்திய கம்பெனிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அன்றைக்கு அவர்கள் போனது ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்கு. "லஃப்பரோவைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று மட்டும் கூப்பிட்டிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்களோ.

எங்கள் பெரியம்மாவுக்கு அப்படி ஒரு சாக்கைக் கொடுத்தவை நவக்கிரகங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு இரண்டு பேருக்குக் கூடுதலாகச் சமையல், அவ்வளவுதான். வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து கும்பகோணம் தாண்டிப் போனதில்லை. மகனுக்கு வரன் தட்டிக்கொண்டே போனபோது ஜோசியர் ஒன்பது கோயிலுக்கும் போய்வரச் சொன்னார். பெரியப்பா எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்கிறவர்தான். ஆனால் சனீஸ்வரனிடம் மறுப்புச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? பரிகாரத்தைக் கேலி பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிரகம் பெயர்ந்ததோ இல்லையோ, அடுப்படியிலிருந்து பெண்கள் ஒரு நாளாவது பெயர்ந்தார்கள்.

விடிவதற்கு முன்பே வேன் வந்துவிட்டது. தூக்கில் புளியோதரை, தயிர்சாதம், வடுமாங்காய். தை மாதக் கடைசி, சம்பா அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஆலங்குடி தாண்டியதும் ரோட்டில் பாதியை நெல் அடைத்துக்கொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பனியில் அறுத்த நெல்லுக்குத் தார் ரோட்டை விட்டால் வேறு நல்ல களம் கிடையாது. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பெண், பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, நெல்லை வரிவரியாகக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, வண்டிய ஓரமா நிறுத்துப்பா" என்றார் பெரியம்மா. இறங்கிப் போய் நாலு நெல்லை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

"கடக்குன்னு ஒடையலயே. இன்னும் ஒரு வெயில் காயணும்."

"ஆமாக்கா. மோடம் போட்டுக்கிட்டே இருக்கு, அதான் பயமா இருக்கு. நீங்க எந்த ஊரு?"

அவ்வளவுதான், பேச்சு பிடித்துக்கொண்டது. யார் யாருக்கு எங்கே வாழ்க்கைப்பட்டார்கள், அறுப்பு மெஷினுக்கு இந்தப் பக்கம் மணிக்கு என்ன வாடகை, வைக்கோல் என்ன விலை போகிறது என்று விசாரணை நடந்தது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டார். அன்றைக்கு எந்தச் சன்னதியிலும் பெரியம்மா இவ்வளவு நேரம் நிற்கவில்லை. ஊர் திரும்பியதும் கோயில்களைப் பற்றி அதிகம் பேசவும் இல்லை. திருநாகேஸ்வரத்தில் ராகுவுக்கு அபிஷேகம் செய்த பால் நீலமாக இறங்கியதை ஒரு தடவை சொன்னார். மற்றபடி, கீழப்பெரும்பள்ளத்தில் கேதுவைக் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது கடல்காற்று முகத்தில் அடித்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பூம்புகார் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால் திருநள்ளாற்றில் நடை சாத்துவதற்குள் போக வேண்டும் என்று வேன் கிளம்பிவிட்டது. (காரைக்கால் எல்லைக்குள் நுழைந்ததும் சில ஆண்கள் தேடிப்போகும் பரிகாரம் வேறு. தாமஸ் குக் பார்த்தால் வருத்தப்படுவார்.)

இப்போது அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024 முதல் கும்பகோணத்திலிருந்து வார இறுதிகளில் நவக்கிரகப் பேருந்து விடுகிறது. தொடங்கியபோது கட்டணம் 750 ரூபாய். விடிகாலையில் ஏறினால் ஒன்பது கோயிலையும் முடித்து இரவுக்குள் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். தனியாக வருகிற பெண்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. எனக்கு உறுத்துவது அந்த "முடித்து"தான். ஜோசியர் ஒன்பதுக்கும் போகச் சொன்னாரே தவிர, ஒரே நாளில் என்று சொல்லவில்லை. எந்தச் சாக்கும் தேவைப்படாத சென்னை நண்பர்கள் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், கல்லணை, திருவையாற்று அசோகா அல்வா, ஒரு தலையாட்டிப் பொம்மை என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். சாக்கு நம்மைக் கிளப்பிவிட்டதோடு ஒதுங்கிக்கொள்ளும். பட்டியல் அப்படியில்லை, நாள் முழுக்கக் கூடவே வந்து நேரமாச்சு நேரமாச்சு என்று பிடுங்கும்.

இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு பழைய சுற்றுலா இருக்கிறது. அதற்குக் கிளம்புகிறவரே சாமிதான். பங்குனியில் திருமழபாடியில் நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம் நடக்கும். சித்திரையில் திருவையாற்று ஐயாறப்பர் அந்தப் புதுத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு ஏழூர் சுற்றிவரப் புறப்படுவார். கல்யாணத்துக்குத் திருச்சோற்றுத்துறையிலிருந்து சாப்பாடு, திருப்பழனத்திலிருந்து பழம், திருப்பூந்துருத்தியிலிருந்து பூ, தில்லைஸ்தானத்திலிருந்து நெய், திருவேதிகுடியிலிருந்து வேதியர், கண்டியூரிலிருந்து நகை வந்தது என்று ஐதிகம். செய்முறை செய்த ஊருக்கெல்லாம் நேரில் போய் முகம் காட்டி வர வேண்டுமில்லையா? சாமிக்கே ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. அவருக்குக் கண்ணாடிப் பல்லக்கு, மாப்பிள்ளை பெண்ணுக்கு வெட்டிவேர்ப் பல்லக்கு. காவிரியும் குடமுருட்டியும் வறண்டு கிடக்கிற மாதம். சனம் பல்லக்கோடு மணலில் இறங்கி நடக்கும். ஊருக்கு ஊர் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். கூட நடந்து வருகிற யாரையும் "நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று அங்கே கேட்க மாட்டார்கள். எல்லாரும் மாப்பிள்ளை வீட்டார்.

பந்தல் என்றதும் அப்பூதியடிகள் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். அவர் ஊர் திங்களூர், திருப்பழனத்துக்குப் பக்கம். நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசர் பெயரில் அவர் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்திருந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. நவக்கிரக வண்டிகள் சந்திரனைப் பார்க்க இதே திங்களூருக்குத்தான் வருகின்றன. பந்தல் கதையைக் கேட்கிற நேரம் அவற்றுக்கு இருப்பதில்லை.

நானும் சும்மா போவதுண்டு. பசுபதிகோயில் பக்கம் புள்ளமங்கையில் முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில் ஒன்று இருக்கிறது. அதன் அடிப்பகுதியில் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய அளவில் ராமாயணச் சிற்பங்கள் வரிசையாக ஓடும். அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன். குருக்கள் "யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார். சிற்பம் பார்க்க வந்ததாகச் சொன்னேன். "பேஷா பாருங்கோ. பேரும் நட்சத்திரமும் சொல்லிட்டுப் போங்கோ" என்றார். சொன்னேன். அர்ச்சனை முடித்து விபூதி கொடுத்தவர், தானே கூட வந்து, நான் கவனிக்காமல் தாண்டியிருந்த ஒரு சிற்பத்துக்கு முன்னால் குனிந்து விரலை வைத்துக் காட்டினார். நட்சத்திரம் சொல்லியிராவிட்டால் சன்னதி வாசலிலேயே உட்கார்ந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பெரியம்மாவின் மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பரிகாரம் பலித்துவிட்டதால் இனிக் கிரகங்களைச் சொல்லிக் கிளம்ப முடியாது. போன மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தரங்கம்பாடி போயிட்டு வரலாமாடா? கடலப் பாக்கணும்டா" என்றார். கூடத்திலிருந்து பெரியப்பா, "அங்க என்ன இருக்கு?" என்றார்.

"கடலோரத்துல மாசிலாமணிநாதர் இருக்காராமுங்க. பாண்டிய ராஜா கட்டின கோயில். பாதிய அலை கொண்டுபோயிடுச்சாம். மிச்சம் இருக்கறப்பவே கும்பிட்டுட்டு வந்துடணும்ல?"

சரி என்றார் பெரியப்பா. பக்கத்திலேயே டென்மார்க்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை இருப்பதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.